இன்று ஊதல் இல்லை

மாவட்ட அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புள்ளிவிவரம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் கல்பாலத்துக்கு எத்தனை வளைவு என்று யாராவது கேட்டால், "ஏழு. அதுல நாலாவது மட்டும் புதுசு. வெள்ளத்துல போனதைத் திரும்பக் கட்டினது" என்பாள். பழைய சிறையில் எத்தனை கொட்டடி என்றால், "நாற்பது. அதுல ரெண்டு இப்ப கழிப்பறை" என்பாள். ஒரு கேள்வியோடு தப்பித்துப் போகலாம் என்று நினைப்பவர்களையும் விடமாட்டாள். அடுத்த கேள்வியை அவளே கேட்டு, அவளே பதிலும் சொல்லி அனுப்புவாள்.

வயது நாற்பத்தாறு. தனிக்கட்டை. சுற்றுலாப் பிரிவில் ஜன்னலோர மேஜையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் சீசனுக்கு முன்னால் புதிய கையேடு ஒன்று கொண்டுவர மேலிடத்து உத்தரவு வந்தது. மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள், அறிய வேண்டிய வரலாறு, மொத்தம் நூறு தகவல்கள். பழைய கையேட்டில் இருந்ததை அப்படியே திருப்பிப் போட்டிருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவளுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு வரியையும் அதன் மூலம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

பழைய கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: "ஊதும் பாறை. இயற்கையின் விந்தை. மலை உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள பிளவில் காற்று நுழைந்து வெளிவரும்போது குழலோசை எழும். அடிவாரத்தில் தொன்மை வாய்ந்த ஏரி. படகு வசதி உண்டு."

தொன்மை என்றால் எத்தனை வருடம்? அந்த ஒரு கேள்விதான் அவளைப் பதிவறைக்குள் தள்ளியது.

பதிவறை அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது. ஒரே ஜன்னல். அதையும் இரும்பு அலமாரி ஒன்று பாதி மறைத்திருந்தது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் தேடியதில், நாலாவது அலமாரியின் அடித்தட்டில் ஒரு கட்டு அகப்பட்டது. தொண்ணூற்று நாலு வருடத்துக்கு முந்தைய மழை அளவுத் தாள்கள். மலையடிவாரத்தில் அப்போது ஒரு சிற்றூர் இருந்திருக்கிறது. அங்கே மழை அளக்க ஒருவரை நியமித்திருக்கிறார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்து, வாரத்துக்கு ஒரு தாள் தபாலில் அனுப்புவது அவர் வேலை.

தாளின் கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று அச்சடித்திருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் அதை வெறுமனே விட்டிருந்தார்கள். இந்த மனிதர் மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை. சிறிய, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. "மேற்குக் காற்று. ஊதல் பலமாக." "ஊதல் மெலிதாக." "ஊதல் உண்டு. பள்ளிக்கூடத்துக் கதவு மூட வரவில்லை. தச்சர் வந்து சீவினார்." படிக்கப் படிக்க அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. தன்னைப் போல ஒருத்தர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு புதன்கிழமையில், "இன்று ஊதல் இல்லை" என்று இருந்தது.

வியாழனும் அதே வரி. வெள்ளியும் அதே. "இன்று ஊதல் இல்லை. கிணற்றில் கலங்கல்." "இன்று ஊதல் இல்லை. காற்று நன்றாக உண்டு. ஆயினும் இல்லை." இப்படிப் பதினொரு நாள். பதினோராவது நாள் சனிக்கிழமை. அத்தோடு அந்த வாரத்துத் தாள் முடிந்திருந்தது. அடுத்த வாரத்துத் தாள் கட்டில் இல்லை. அதற்குப் பதிலாக, அறிக்கை அனுப்பத் தவறியதற்கு விளக்கம் கேட்டு அந்த மனிதருக்கு அலுவலகம் எழுதிய கடிதம் இருந்தது. பிரிக்காமல் திரும்பி வந்த உறை. உறையின் மேல் தபால்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: "விலாசதாரர் இல்லை. விலாசமும் இல்லை."

அவள் உறையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டை மேலும் பிரித்தாள்.

கட்டின் அடியில் நிவாரண அறிக்கை ஒரே ஒரு பக்கம். மலைச்சரிவு. முப்பத்தொரு வீடுகள். ஓடை அடைபட்டு நீர் தேங்கியது. தேங்கிய நீர் வடியவில்லை, அதை அப்படியே விட்டுவிடலாம் என்று பரிந்துரை. சரிவு நடந்த தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. ஊதல் நின்று பன்னிரண்டாம் நாளா, இருபதாம் நாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

தொன்மை வாய்ந்த ஏரி அவளுடைய அப்பாவைவிடப் பதினோரு வயதுதான் மூத்தது. தொண்ணூற்றொன்பதாவது தகவல் கிடைத்துவிட்டது என்று முதலில் மனம் துள்ளத்தான் செய்தது. துள்ளிய கையோடு வெட்கமும் வந்தது. அந்த ஏரிக்கரையில்தான் அவளுடைய அக்காவும் அத்தானும் எட்டு அறை கொண்ட விடுதி நடத்திவந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்து அங்கே போனாள். புதுப் படம் எடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தாள். இரண்டு மணி நேரப் பயணம். மலைமேல் நுழைவாயிலில் டிக்கெட் கிழிப்பவர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருடமாக அந்த டிக்கெட் கூண்டுக்குள் இருப்பவர். மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

"வாங்க மேடம். உங்களுக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சா என் கை அழுகிடும். உள்ள போங்க" என்றார்.

கம்பித் தடுப்புக்கு அருகே இருபது பேர் நின்றிருந்தார்கள். எதிரே செங்குத்தான பாறை, நடுவில் கறுப்பாக வாய் பிளந்த வெடிப்பு. சற்று நேரத்தில் ஊதல் கேட்டது. நீளமாக, ஏறி இறங்கும் ஓசை. அது அடங்கும் இடத்தில் தூரத்தில் ஒரு நாய் இரண்டு தடவை குரைத்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

அவள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதல். அது அடங்கும் இடத்தில் மறுபடி நாய், இரண்டு தடவை. அவள் திரும்பிப் பார்த்தாள். நாய் எதுவும் கண்ணில் படவில்லை. மூன்றாவது கால் மணியிலும் அதே நாய், அதே இரண்டு குரைப்பு. அந்த நேரத்தில் மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

தடுப்பைச் சுற்றிக்கொண்டு புதருக்குப் பின்னால் போனாள். பச்சைச் சாக்கு போர்த்திய ஒலிபெருக்கி அங்கே இருந்தது. வயர் கூண்டுப் பக்கம் ஓடியது.

டிக்கெட்காரர் மழுப்பவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று. "கடைக்காரங்க எல்லாம் சேர்ந்து சொன்னாங்க மேடம். அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றவங்க ஏமாந்து போகக்கூடாதில்ல. போன வருஷம் ஒருத்தர் பிடிச்சு வச்சிருந்த சத்தம் அது. நாய் எங்க கடைத்தெரு நாய். பாவம், அது செத்தே எட்டு மாசமாகுது."

"நின்னு எத்தனை நாளாச்சு?"

"இன்னையோட ஆறு."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது நின்னிருக்கா?"

"காத்து இல்லேன்னா ஒரு நாள், அரை நாள் நிக்கும். இப்படி இல்ல. முந்தாநாள் தொப்பியே பறந்துபோற காத்து. அப்பவும் கம்முனு இருந்துச்சு." பாறைப் பக்கம் பார்க்காமலே பேசினார். "சத்தம் இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு இருந்துச்சு. இப்ப என்னவோ நம்மளையே பார்த்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு மேடம். அதனாலதான் நாற்காலியத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துட்டேன்."

கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்காலி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

அங்கிருந்து இறங்கி விடுதிக்குப் போகும் பாதையில் வேலிக்கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஏரியை நோக்கிச் சாய்ந்திருந்தன. வழக்கமாக அவள் எண்ணிக்கொண்டே போகும் கம்பங்கள்தான். அன்றைக்கு எண்ணத் தோன்றவில்லை.

அக்கா அவளைவிட ஐந்து வயது மூத்தவள். குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். "வாடி சின்னவளே. போன் பண்ணிட்டு வரமாட்டியா? குளிச்சிட்டு சாப்பிடு. தண்ணி மட்டும் டீ கலர்ல வருது. பால் ஊத்தினா குடிச்சிடலாம்."

குழாயைத் திறந்து பார்த்தாள். அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குளியலறைக் கதவு பாதிக்கு மேல் சாத்த வரவில்லை. கதவின் அடியில் புதிதாகச் சீவிய மரத்தின் வெள்ளை தெரிந்தது. பின்முற்றத்தில் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே தரையில் கோடு போட்டதுபோல ஒரு விரிசல். அதை அத்தான் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார். பூசிய சிமெண்டும் நடுவில் பிளந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். முழு விரலும் உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து ஈரமான குளிர்ச்சி மேலே வந்தது.

சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி இருவருக்கும் படித்துக் காட்டினாள். அத்தான் கை கழுவக்கூட எழுந்திருக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, "தொண்ணூத்தி நாலு வருஷமா நின்ன மலை, நீ ஒரு காகிதத்தைப் படிச்சதும் விழுந்துடுமாம்மா?" என்றார்.

"அத்தான், கதவைச் சீவினீங்களே, ஏன்?"

"போன மாசம் பெய்ஞ்ச மழைக்கு மரம் உப்பாம என்ன செய்யும்?"

"அவரும் பள்ளிக்கூடத்துக் கதவைச் சீவிட்டாங்கன்னுதான் எழுதியிருக்கார்."

அக்கா தாள்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரம் தட்டி, அவள் கையில் கொடுத்தாள். "உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இதே வேலை. யாராவது நாலு நாள் சந்தோஷமா இருந்தா ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டிடுவ. என் கல்யாணத்தன்னைக்கு, பந்தல் எத்தனை பேரைத் தாங்கும்னு கணக்குச் சொன்னவதானே நீ. பந்தல் விழுந்துச்சா?"

விழவில்லைதான். அவள் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

திங்கட்கிழமை ஒன்பதாம் நாள். காலையில் அதிகாரியின் அறைக்குப் போனாள். அதிகாரி நல்ல மனிதர்தான். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்ததால் எந்தக் காகிதத்தையும் இரண்டு விரலால் மட்டுமே தொடுவார். முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏரிக்கு அடியில ஊர் இருக்குன்னு போட்டா படகுல யாரும்மா ஏறுவாங்க?"

"சார், நான் கையேட்டைப் பத்திச் சொல்லல. ஊதல் நின்னிருக்கு. மண்ணியல் ஆளுங்க வந்து பார்க்கணும். அது வரைக்கும் மேல கேட்டை மூடணும்."

"சீசன் ஆரம்பிச்சு ரெண்டு வாரம்கூட ஆகல. எதை வச்சு மூடச் சொல்றீங்க? மழை அளந்த ஒருத்தர் எழுதின குறிப்பை வச்சா?" பேனாவை மூடி வைத்தார். "சரி, ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. மேல அனுப்பி வைக்கிறேன்."

எழுதிக் கொடுத்தாள். மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடி உருண்டையின் அடியில் அதை வைத்தார். மாலை ஐந்து மணிக்கு அவள் கிளம்பும்போதும் அது அந்த உருண்டைக்கு அடியில்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் மேஜையிலேயே உட்கார்ந்து டிக்கெட்காரருக்குப் போன் செய்தாள். பழைய தாள்களைப் பற்றிச் சொன்னாள். "நானும் நினைச்சேன் மேடம்" என்றார் அவர்.

"அப்ப மூடிடுங்க. ஏதாவது சொல்லி மூடுங்க. கம்பி உடைஞ்சிருக்குன்னு சொல்லுங்க."

"நான் டிக்கெட் கிழிக்கிறவன் மேடம். நானா மூடினா நாளைக்கே வேற ஆளை உட்கார வச்சுத் திறந்துடுவாங்க. நீங்க ஆபீஸ் தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அதைக் கேட்டுல ஒட்டிட்டு, பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுறேன். என் பொண்டாட்டி முகத்தைப் பகல்ல பார்த்தே ரொம்ப நாளாச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் அலுவலக முத்திரை உள்ள தாளை எடுத்தாள். 'மறு உத்தரவு வரும் வரை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. உத்தரவு போட அவள் யார்? பதினேழு வருடத்தில் ஒரு விடுப்புக் கடிதத்தில்கூட அவள் தன் வரம்பை மீறியதில்லை. வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் அல்ல. மலை விழாமல் நின்றுவிட்டால் மாவட்டம் முழுவதும் சிரிக்குமே என்ற பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது. தாளை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்ததாக அக்காவுக்குப் போன் செய்து, தனக்கு நெஞ்சு வலி என்றாள்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைத்ததில்லை. இடது தோள்பட்டை வரை இழுக்கிறது, இரண்டு நாளாகத் தூக்கமில்லை, டாக்டர் துணைக்கு ஆள் வேண்டும் என்கிறார் என்று வரிசையாகச் சொன்னாள். அக்கா பதறிப்போனாள். "நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல வந்துடுறேன். நீ எழுந்திருக்காத. படிக்கட்டு ஏறாத." பின்னால் அத்தானின் குரல் கேட்டது. அக்கா இல்லாமல் அந்த விடுதியில் ஒரு தலையணை உறைகூட மாறாது என்பது அவருக்கும் தெரியும். அந்த வாரத்துக்கு அறை கேட்டிருந்தவர்களுக்கெல்லாம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பத்தாம் நாள் அக்கா வந்து இறங்கினாள். பதினோராம் நாள் நகரவே மறுத்தது. பன்னிரண்டாம் நாள் காலையிலிருந்து அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தாள், காலைப் பிடித்துவிட்டாள், தங்கைக்குக் கடைசிவரை யாருமில்லையே என்று சமையலறையில் மூக்கைச் சிந்தினாள். அதைக் கேட்டபோது அவளுக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

சாயங்காலம் டிக்கெட்காரருக்குப் போன் செய்ய எண்ணைத் தேடி எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லையே, என்ன சொல்வது என்று போனைத் திரும்ப வைத்துவிட்டாள்.

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. இதற்கு மேல் விடுப்பு கிடையாது. அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. யோசிக்காமல் ஓடினாள். கம்பியைப் பிடித்து ஏறித் திரும்பியபோது, தலையில் துண்டு கட்டிய அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டில் கஞ்சி இல்லை. அக்கா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"நெஞ்சு வலிக்காரி என்னமா ஓடுற. எனக்குக்கூட அந்த ஓட்டம் வராது."

"அக்கா, நிஜத்தைச் சொன்னா நீங்க கேட்கல."

"கேட்காட்டி? என்னை அழ வச்சு வேடிக்கை பார்ப்பியா? மூணு நாளா நீ செத்துப்போயிட்டா எப்படின்னு நினைச்சு நினைச்சு..." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தானுக்குப் போன் செய்தாள். அத்தான் மறுநாள் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அத்தான் வந்தார். விடுதியைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மேஜையின் நடுவில் அதை வைத்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு அவளைத் திட்டினார். சீசனில் ஒரு வாரம் போச்சு, நாலு பேர் சிரிக்கிறார்கள், படித்தவள் செய்கிற காரியமா இது என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். பதினான்கு நாள் ஆகிவிட்டது. தான்தான் முட்டாள் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். அப்படி நம்புவதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி பஸ்ஸில் கிளம்புவதாக ஏற்பாடு.

பன்னிரண்டே முக்காலுக்கு அத்தானின் போன் அடித்தது. படகு ஓட்டுபவர்.

"எங்க இருக்கீங்க?" என்று அவர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "டவுன்ல" என்றார் அத்தான். மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். அப்புறம், "வராதீங்க. இங்க ஒண்ணும் இல்ல" என்றார் படகுக்காரர்.

அத்தான் நடந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அக்கா சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

படகுக்காரர் ஏரியின் அக்கரையில் இருந்ததால் பிழைத்தார். அவர் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. முதலில் மரங்கள் நின்றபடியே நடந்தன என்றார். சத்தம் பிறகுதான் வந்தது. பாறையில் வெடிப்பு இருந்த முகம் முழுவதும், அதற்குக் கீழே நுழைவாயில், கடைகள், சாலை, விடுதி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏரிக்குள் இறங்கிற்று. இறந்தவர்கள் பத்தொன்பது பேர். சனிக்கிழமைக் கூட்டம். டிக்கெட்காரரின் உடலைச் சரிவு நடந்த ஆறாம் நாள் கண்டெடுத்தார்கள்.

அக்காவும் அத்தானும் அவளுடைய இரண்டறை வீட்டிலேயே தங்கினார்கள். முதல் நாலு நாள் மூவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அக்கா அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சிறுவயதில் செய்ததுபோல இறுக்கிப் பின்னினாள். வலித்தது. அவள் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தாள். நீலச் சேலை, கையில் மடக்குக் குடை. டிக்கெட்காரரின் மனைவி என்று சொன்னதும் அதிகாரியே எழுந்து வந்து நாற்காலி போட்டார்.

"உதவிப் பணத்துக்கு வரல சார். ஒரே ஒரு விஷயம் கேட்கணும். அந்தத் திங்கட்கிழமை இங்கேர்ந்து ஒரு மேடம் அவருக்குப் போன் பண்ணியிருக்காங்க. மலை விழும்னு சொல்லியிருக்காங்க. எழுதிக் குடுத்தா மூடிடுவேன்னு இவர் சொல்லியிருக்கார். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னார். பேர் சொல்லல. அவங்க யாரு?"

அறையில் இருந்த ஆறு பேரும் தங்கள் மேஜையைப் பார்த்தார்கள். அதிகாரி தொண்டையைச் செருமினார். "எங்க ஆபீஸ்லேர்ந்து அப்படி யாரும் பேசலம்மா. பேசியிருந்தா பதிவு இருக்கும்." சொல்லும்போது அவருடைய கண் ஜன்னலோர மேஜைப் பக்கம் ஒரு தடவை போய்விட்டு வந்தது. கண்ணாடி உருண்டைக்கு அடியில் இப்போது எதுவும் இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். இன்னும் அரை நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண் குடையை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். புள்ளிவிவரம் எழுந்து நின்றாள்.

"நான்தான்."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் மனதில் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, இந்த முகம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எழுதினீங்களா?"

"எழுதினேன். கையெழுத்துப் போடல."

"உங்க ஆளுங்க யாராவது அங்க இருந்தாங்களா?"

"எங்க அக்கா, அத்தான்."

"அவங்க?"

"பொழைச்சுட்டாங்க. எனக்கு உடம்பு சரியில்லேன்னு பொய் சொல்லி அக்காவை வரவச்சேன்."

அந்தப் பெண் வெகுநேரம் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவருக்கும் ஒண்ணு சொல்லியிருந்தா வந்திருப்பார்" என்றாள். "யார் என்ன சொன்னாலும் நம்புற மனுஷன்."

அன்றைக்கே புள்ளிவிவரம் எல்லாவற்றையும் எழுதினாள். மழைத் தாள்கள், ஒலிபெருக்கி, திங்கட்கிழமைக் குறிப்பு, போன், மடித்த தாள், நெஞ்சு வலி. எட்டுப் பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டு விசாரணைக்கு அனுப்பினாள். அதிகாரி, தனக்குக் குறிப்பு எதுவும் வந்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். அவளைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தார்கள். அது தற்காலிகமாகவே இரண்டு வருடமாக நீடிக்கிறது. அத்தான் ஒரு மரக்கடையில் வேலைக்குப் போகிறார். அக்காவுக்குக் கதவு எதையாவது சாத்தும்போது ஒரு கணம் கை நிற்கும். சாத்திவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போவாள்.

டிக்கெட்காரரின் மனைவி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். முதல் தடவை வந்தபோது வாசலிலேயே நின்றாள். இப்போது உள்ளே வந்து உட்காருகிறாள். அக்கா டீ போட்டுக் கொடுப்பாள். அவள் வருவது ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான். அந்தத் திங்கட்கிழமைப் போனில் அவர் என்னென்ன சொன்னார் என்று, முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். புள்ளிவிவரத்துக்கு அது அத்தனையும் அப்படியே நினைவில் இருந்தது. அவளும் சொல்வாள்.

"பகல்ல முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சுன்னு சொன்னாரா?"

"ஆமா."

"சொல்லிட்டுச் சிரிச்சாரா?"

"சிரிச்சார்."

"எப்படிச் சிரிச்சார்?"

அதற்கு மட்டும் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணும் வற்புறுத்துவதில்லை. டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, அடுத்த தடவை வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புகிறாள்.